தெமெங்கோர் ஏரிக்கரையில் குடும்பத்தோடு முகாம்: கூடாரமா, படகு வீடா?

கேள்வி: பட்டர்வொர்த் வாசகி

அனைவருக்கும் வணக்கம். பேராக் மாநிலத்தின் வடக்கே, தாய்லாந்து எல்லையை ஒட்டிய ரோயல் பெலும் காட்டிலும் தெமெங்கோர் ஏரியிலும் இரண்டு இரவுகள் தங்கி வரலாம் என்று எங்கள் குடும்பத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம். நாங்கள் பட்டர்வொர்த்திலிருந்து புறப்படுவோம். என் தம்பி குடும்பம் கோலாலம்பூரிலிருந்து வந்து கெரிக் பட்டணத்தில் எங்களோடு சேர்ந்துகொள்ளும். எங்களோடு இரண்டு பிள்ளைகள் வருவார்கள். ஒருவனுக்கு வயது பதின்மூன்று, இன்னொருத்திக்கு ஒன்பது. என் மாமியாரும் வர வேண்டும் என்று எல்லோரும் விரும்புகிறோம். அவருக்கு நீரிழிவு உண்டு; இன்சுலின் போட்டுக்கொள்கிறார், நன்றாக நடக்கிறார், ஆனால் மேடுபள்ளமான இடத்தில் தடுமாறுவார்.

பிள்ளைகள் கூடாரம் போட்டு ஏரிக்கரையில் தூங்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். என் கணவர் படகு வீட்டில் தங்குவதே பாதுகாப்பு என்கிறார். எந்த மாதத்தில் போவது, அனுமதிச் சீட்டை யாரிடம் பெறுவது, வயதானவரைக் கூட்டிச் செல்வது சரியா என்ற மூன்றிலும் எங்களுக்குத் தெளிவில்லை. தேசிய நாளையோ (ஆகஸ்ட் 31) மலேசிய தினத்தையோ (செப்டம்பர் 16) ஒட்டி வரும் நீண்ட விடுமுறையில் போனால் எல்லோருக்கும் வசதியாக இருக்கும். அங்கே போய் வந்தவர்கள் தங்கள் கருத்தை எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில்: கோலகங்சார்காரர்

வணக்கம் அம்மா. நான் அந்தப் பக்கத்தில் பல ஆண்டுகளாகப் போய்வருகிறவன். ஆகவே அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

தெமெங்கோர், 1970களில் பேராக் ஆற்றின் குறுக்கே மின்சாரத்துக்காகக் கட்டிய அணையால் உண்டான ஏரி. தீபகற்ப மலேசியாவில் திரெங்கானுவின் கென்யிருக்கு அடுத்தபடியாக இதுவே பெரிய செயற்கை ஏரி. மலைப் பள்ளத்தாக்குகள் நீரில் மூழ்கியபோது அவற்றின் உச்சிகள் தீவுகளாக நின்றுவிட்டன; உயரமான மரங்கள் பல இன்றும் பட்ட மரங்களாக நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன, அதைவிட அதிகமானவை கண்ணுக்குத் தெரியாமல் நீருக்கு அடியில் இருக்கின்றன. கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை இந்த ஏரியைப் பண்டிங் தீவின் வழியாகக் கடக்கிறது. சாலைக்கு வடக்கே இருப்பது 117,500 ஹெக்டர் பரப்புள்ள ரோயல் பெலும் மாநிலப் பூங்கா. 2007ஆம் ஆண்டு அது மாநிலப் பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. தெற்கே இருப்பது தெமெங்கோர் வனக் காப்பகம். வடக்கே போக விரும்பினால் பேராக் மாநிலப் பூங்காக் கழகத்தின் அனுமதி கட்டாயம். குடும்பத்தில் ஒவ்வொருவருடைய அடையாள அட்டை விவரத்தையும், பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழையோ மைகிட் அட்டையையோ தயாராக வைத்திருங்கள். உள்ளூர்ப் படகு நிறுவனத்தின் மூலம் போகிறீர்கள் என்றால், பெரும்பாலும் அவர்களே அனுமதியைப் பெற்றுத்தருவார்கள். ஆனால் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பே விவரங்களைக் கொடுத்துவிட்டு, அனுமதி கிடைத்ததா என்று புறப்படுவதற்கு முன் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். எல்லைப் பகுதி என்பதால் சோதனை இருக்கும். பெயர் விடுபட்டவரை உள்ளே அனுப்ப மாட்டார்கள். தூண்டில் போட நினைத்தால் அதற்குரிய அனுமதியையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

கூடாரமா, படகு வீடா என்ற கேள்விக்கு என்னுடைய தெளிவான பதில்: உங்கள் குடும்பத்துக்கு படகு வீடுதான் இருப்பிடம், ஓர் இரவு, வானிலை ஒத்துழைத்தால் மட்டும், பிள்ளைகளும் பெரியவர்களில் இருவரும் கரையில் கூடாரத்தில் தூங்கலாம். படகு வீட்டைக் கரையோரமாகக் கட்டி நிறுத்திவிட்டால், இரவில் மழை வலுத்தால் சில நிமிடங்களில் உள்ளே வந்துவிட முடியும். மாமியார் சமையலறை, கழிப்பறை, தட்டையான தரை ஆகிய மூன்றும் உள்ள இடத்தில் இருப்பார். பிள்ளைகளின் ஆசையும் நிறைவேறும்.

கூடாரத்துக்கான இடத்தை படகோட்டியிடமே விட்டுவிடுங்கள், ஆனால் நீங்களும் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். இந்த ஏரியின் நீர்மட்டம் ஏறி இறங்கும். நீர் வற்றிய காலத்தில் கரையில் அழகான, மரமில்லாத செம்மண் திட்டு தெரியும்; பார்ப்பவர்களுக்கு அதுதான் கூடாரம் போட ஏற்ற இடம் என்று தோன்றும். அந்தத் திட்டில் குச்சியும் இலையும் ஒதுங்கிக் கிடக்கும் கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் அதுவரை வந்து போயிருக்கிறது என்று பொருள், கூடாரம் அதற்கு மேலேதான் இருக்க வேண்டும். ஓடை ஏரியில் வந்து சேரும் வாயில் கூடாரம் வேண்டவே வேண்டாம். செங்குத்தான சரிவின் அடிவாரமும் வேண்டாம். 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங் காலி அருகே, உரிமம் இல்லாமல் இயங்கிய ஒரு முகாம் தளத்தின்மேல் விடியலுக்கு முன் மண்சரிந்து 31 பேர் உயிரிழந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அவர்கள் தூங்கிக்கொண்டிருந்த மக்கள், அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அன்று முதல், ஒரு முகாம் தளத்தில் சரிவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் நான் கூடாரத்தை விரிப்பதே இல்லை. மேலே காய்ந்த கிளை தொங்கும் மரத்தின் கீழும் படுக்காதீர்கள். காற்று வீசாத இரவிலும் அவை விழும்.

நீர்வீழ்ச்சிகளுக்கும் போவீர்கள் என்று நினைக்கிறேன். சுங்கை ருவோக் பலரும் போகும் இடம். அங்கே கவனிக்க வேண்டியது ‘கெப்பாலா ஆயர்’. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். சில நிமிடங்களில் வெள்ளம் ஒரே சுவராக இறங்கிவிடும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினாலோ, மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ, பைகளை எடுக்க நிற்காமல் பிள்ளைகளோடு உயரமான கரைக்கு ஏறிவிடுங்கள். புறப்படும் முன்பே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பழக்கிவைப்பது நல்லது.

மாதத்தைப் பொறுத்தவரை, ஆகஸ்ட் இறுதியும் செப்டம்பர் முதல் பாதியும் ஏற்ற காலமே. ஆண்டின் தொடக்கத்தில் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் மழை குறைந்தவை. அக்டோபர் முதல் ஆண்டு முடியும் வரை மழை மிகுதி. அந்த மாதங்களை நான் தவிர்ப்பேன். எந்த மாதமானாலும் பிற்பகலில் இடிமழை வரக்கூடும் என்று எண்ணி, தொலைவான இடங்களைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். படகும் இருட்டிய பிறகு ஓடக் கூடாது. நீருக்கடியில் நிற்கும் மரங்களைப் பற்றி மேலே சொன்னேனே, காரணம் அதுதான்.

சாலையைப் பற்றியும் ஒரு செய்தி. நீங்கள் கூலிம், பாலிங் வழியாகக் கெரிக்குக்கு வருவீர்கள். தம்பி வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கோலகங்சார் வரை வந்து, லெங்கோங் வழியாக வருவார். பெட்ரோலையும் பணத்தையும் மருந்தையும் கெரிக்கிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அதற்கப்பால் ஜெலி வரை நம்பிக்கையோடு நிறுத்தக்கூடிய பட்டணம் இல்லை. கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். பனிமூட்டமும் வளைவும் ஒரு புறம், யானைகள் மறுபுறம். மாலையிலும் இரவிலும் அவை சாலையோரப் புல்லுக்கு வரும், கூட்டமாகவே கடக்கும். யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்தி, ஒலியெழுப்பாமல், விளக்கைப் பாய்ச்சாமல், அது போகும் வரை காத்திருங்கள். படம் எடுக்க யாரும் கீழே இறங்கக் கூடாது. 1982இல் திறக்கப்பட்ட அந்தச் சாலை, கட்டப்பட்ட காலத்தில் கம்யூனிஸ்ட் போராளிகளின் தாக்குதலுக்கு உள்ளானது; 1989இல் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே அந்தக் காடு பொதுமக்கள் துணிந்து போகக்கூடிய இடமானது. நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் காடு அழியாமல் நமக்குக் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பதில்: ஜார்ஜ்டவுன் தாதி

வணக்கம் சகோதரி. முன்னே எழுதிய ஐயா பயணத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டார். நான் மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறேன். ஆகவே உடல்நலம் பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்கள் மாமியார் போகலாம் என்பதே என் கருத்து. ஆனால் அவருடைய மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள். கேட்கும்போது இரண்டு இரவுகள் கைப்பேசி இணைப்பு இல்லாத இடத்தில் இருப்போம் என்பதைத் தவறாமல் சொல்லுங்கள், ஏனென்றால் அதைப் பொறுத்துத்தான் அவர் ஆலோசனை மாறும்.

பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பேனா பொதுவாகச் சில வாரங்கள் அறை வெப்பத்தில் கெடாமல் இருக்கும்; உங்கள் பெட்டியில் எழுதியிருக்கும் வெப்ப அளவைப் பாருங்கள். அதற்கு எதிரி நேரடி வெயிலும் சூடான காரும்தான். கார் நிறுத்துமிடத்தில் பையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். குளிர்ப் பெட்டியில் வைத்தால் பனிக்கட்டியை நேராகத் தொடாதபடி துணியில் சுற்றி வையுங்கள், உறைந்துபோன இன்சுலினைப் போடவே கூடாது. பேனா, ஊசி, சர்க்கரை அளக்கும் கருவி ஆகியவற்றை இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு பேரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு பை தண்ணீரில் விழுந்தாலும் மற்றது இருக்கும். மேலும், படகு தாமதமானால் சாப்பாடும் தாமதமாகும். பசியோடு இன்சுலின் போட்டுக்கொண்டவருக்குச் சர்க்கரை இறங்கிவிடும். குளுக்கோஸ் மிட்டாயும் பிஸ்கட்டும் அவருடைய சொந்தக் கைப்பையில் இருக்க வேண்டும், சமையல் பெட்டிக்குள் அல்ல.

அவருடைய பாதத்தைக் கவனியுங்கள். நீரிழிவு உள்ளவருக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கும். கல் குத்தியதும் தெரியாது. வெறுங்காலோடு படகிலோ கரையிலோ நடக்க விடாதீர்கள். காட்டில் எல்லோரும் போட்டுக்கொள்ளும் ‘கம்போங் அடிடாஸ்’ ரப்பர் காலணி வழுக்காது, விலையும் குறைவு. ஆனால் அவருக்குப் பொருத்தமான அளவில் முன்பே வாங்கி, வீட்டிலேயே சில நாள் போட்டுப் பழகட்டும். புதுக் காலணி கொப்புளத்தைத் தரும். இரவில் படுக்கும் முன் பிள்ளைகளில் ஒருவர் விளக்கைப் பிடித்து அவருடைய பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்க்கட்டும்.

அட்டைக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. பிடுங்கி எடுக்காமல் நகத்தால் பக்கவாட்டில் தள்ளிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஆனால் இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவருக்கு அட்டைக் கடியில் இரத்தம் நிற்க அதிக நேரமாகும்; மாமியார் அப்படி ஏதாவது எடுக்கிறாரா என்று பாருங்கள்.

நான் அதிகமாகக் கவலைப்படுவது இரண்டு காய்ச்சல்களைப் பற்றி. முதலாவது, எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ். மழைக்குப் பிறகு கலங்கிய நீரிலும் சேற்றிலும் அந்தக் கிருமி இருக்கும். தோலில் உள்ள கீறல் வழியாகவும் கண், வாய் வழியாகவும் உள்ளே போகும். குளிக்கும் முன் பிள்ளைகளின் காலில் உள்ள காயத்துக்கு நீர் புகாத பட்டை ஒட்டுங்கள். கலங்கிய நீரில் இறங்க வேண்டாம். குடிநீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். உணவுப் பொருளைத் திறந்து வைக்காதீர்கள், எலியையும் குரங்கையும் அழைப்பதே அதுதான். இரண்டாவது, குரங்குகளிடமிருந்து கொசு மூலம் மனிதருக்கு வரும் நோலெசி மலேரியா. மனிதர்களிடையே மட்டும் பரவிவந்த மலேரியா 2018 முதல் நம் நாட்டில் உள்ளூரில் தொற்றாமல் நின்றுவிட்டது; ஆனால் இந்தக் குரங்கு மலேரியா நிற்கவில்லை, காட்டுக்குள் போகிறவர்களையே அது பெரும்பாலும் பிடிக்கிறது. இதன் கிருமி இருபத்துநான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும் என்பதால் நோய் விரைவாக முற்றிவிடும். சூரியன் சாயத் தொடங்கியதும் முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, டீட் கலந்த கொசு விரட்டி ஆகியவை எல்லோருக்கும் வேண்டும். கூடாரத்தின் வலைக் கதவை யாராவது திறந்து போட்டுவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த பிறகு ஒரு மாதத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், வீட்டிலேயே பாரசிட்டமால் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். கிளினிக்கில் போய் உட்கார்ந்ததும், கேட்காமலேயே, “நாங்கள் பெலும் காட்டில் தங்கினோம், ஏரியிலும் ஆற்றிலும் குளித்தோம்” என்று சொல்லுங்கள். பினாங்கில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்கியைத்தான் நினைப்பார்கள். இந்த ஒரு வாக்கியம் மற்ற இரண்டு சோதனைகளையும் எடுக்கச் செய்யும்.

பதில்: பறவை நோக்கர், கோலாலம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு. நீங்கள் குறிப்பிட்டிருக்கும் மாதம் தற்செயலாகவே மிகச் சிறந்த மாதமாக அமைந்துவிட்டது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். மலேசியாவில் உள்ள பத்து வகை இருவாச்சிப் பறவைகளும் ஒரே வட்டாரத்தில் வாழும் இடம் பெலும் தெமெங்கோர். நம் தேசியப் பறவையான காண்டாமிருக இருவாச்சியும் அதில் அடங்கும். உலகில் மிகவும் அருகிவிட்ட பறவைகளில் ஒன்றாக 2015இல் அறிவிக்கப்பட்ட, தலையில் திடமான கொண்டையுள்ள இருவாச்சியும் அங்கே உண்டு. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் இன்னொரு வகை, தொண்டைப் பையில் கோடு இல்லாத இருவாச்சி, பெருங்கூட்டமாக ஏரியைக் கடந்து பறக்கும். நல்ல ஆண்டில் ஒரே மாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை எண்ணியிருக்கிறார்கள். அதன் சாயலில் இருக்கும் இன்னொரு வகைக்குத் தொண்டைப் பையில் கறுத்த கோடு இருக்கும்; ஆணின் பை மஞ்சள், பெண்ணின் பை நீலம். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டால், தொலைநோக்கியைக் கீழே வைக்க மாட்டார்கள்.

அதைப் பார்க்க நீங்கள் செய்ய வேண்டியது எளிது. விடியலிலும், சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலும் படகு வீட்டின் மேல்தளத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள். இந்த இரு வேளைகளிலும் வேறு எந்தத் திட்டத்தையும் போட வேண்டாம். மாமியாருக்கும் இது ஏற்றது. மலை ஏற வேண்டியதில்லை, வழுக்க வேண்டியதில்லை. அருகில் வந்தால் சிறகின் ஓசை முதலில் கேட்கும். கரோக்கேயும் ஒலிபெருக்கியும் வைத்திருக்கும் படகு வீடுகள் அந்த ஏரியில் பல உண்டு. பதிவு செய்யும்போதே உங்களுக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பக்கத்துப் படகு எங்கே நிற்கும் என்றும் கேளுங்கள். நீண்ட விடுமுறையின் நடுநாளைவிட அதற்கு முந்தைய அல்லது பிந்தைய வாரத்தின் வேலை நாள்கள் கிடைத்தால், நான் அவற்றையே தேர்ந்தெடுப்பேன். ஏரியின் அமைதியைத் தேடிப் போகிறவர்கள், எல்லோரும் போகும் நாளில் போகக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

ரஃப்லேசியா மலரைப் பற்றி வழிகாட்டிகள் சொல்வார்கள். அது மொட்டாக மாதக்கணக்கில் இருந்து, மலர்ந்தபின் ஒரு வாரத்துக்குள் கறுத்து அழுகிவிடும். ஆகவே மலரைக் காட்டுவதாக யாரும் முன்கூட்டி உறுதிகூற முடியாது. மலர்ந்திருந்தால் போய்ப் பாருங்கள், மலரவில்லை என்றால் வருந்த வேண்டாம். மலருக்கு அருகே போகும்போது தரையில் கொடிகளையும் சிறு மொட்டுகளையும் மிதிக்காமல் நடக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அந்தச் செடிக்கு இலையும் தண்டும் கிடையாது. காட்டுத் திராட்சைக் கொடியொன்றின் உள்ளே ஒட்டுண்ணியாக வாழ்கிறது, மிதிபட்ட கொடியோடு அதுவும் போய்விடும்.

பதில்: ஆயிர் ஈத்தாம் ஆசிரியை

வணக்கம். இங்கே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகள் இதற்கு முன் கூடாரத்தில் தூங்கியதாக நீங்கள் எழுதவில்லை. தூங்கியதில்லை என்றால், பெலும் முதல் இடமாக இருக்க வேண்டாம். அதற்கு முன் ஓர் இரவைத் தெலுக் பஹாங்கில் உள்ள பினாங்கு தேசியப் பூங்காவில் கழித்துப் பாருங்கள். வீட்டிலிருந்து பாலத்தைத் தாண்டினால் போதும். பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் அனுமதி பெற்று முகாமிடலாம். நடந்து போகலாம், திரும்பும்போது அலை அனுமதித்தால் படகில் வரலாம். அங்கேயும் ஓர் ஏரி இருக்கிறது. கடல்நீரும் மலையிலிருந்து வரும் நன்னீரும் கலக்காமல், கனமான உப்புநீர் அடியிலும் நன்னீர் மேலேயும் தனித்தனி அடுக்காக நிற்கும் ஏரி அது. மழையைப் பொறுத்து நிரம்பும், வற்றும். நம் மாநிலப் பிள்ளைகளில் பலர் அதைப் பாடப்புத்தகத்துக்கு வெளியே பார்த்ததில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. கடலாமை முட்டையிடும் கரையும் அதுவே. பொரிப்பகம் ஒன்றும் உண்டு. கடலில் மட்டும் இறங்க விடாதீர்கள். இழுப்பும் ஜெல்லி மீனும் உண்டு.

ஓர் இரவு போதும்: கூடாரத்தில் மழைநீர் எங்கே ஒழுகுகிறது, ஒன்பது வயதுச் சிறுமி இருட்டில் கழிப்பறைக்குப் போக யாரை எழுப்புவாள், கேஸ் அடுப்பில் சோறு வேக எவ்வளவு நேரமாகும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ளச் சரியான இடம், ஏதாவது கோளாறு நேர்ந்தால் மறுநாள் காலையே வீடு திரும்பக்கூடிய இடம்தான்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். படகு வீட்டில் சமையல்காரர் இருப்பார். சைவமா, மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களா என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் கொடுங்கள். ஏரிக்குள் போன பிறகு கடைக்கு ஓட முடியாது. நாங்கள் பருப்பு, புளி, மிளகாய்த்தூள், நெத்திலிச் சம்பல், ஒரு நாளுக்கான புளிச்சோறு ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோவது வழக்கம். கரையில் கூடாரம் போடும் இரவில் உணவு எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். எல்லாம் படகிலேயே இருக்கட்டும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: பட்டர்வொர்த் வாசகி

ஐயா, அக்காமார்கள், அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை இரவு உணவுக்குப் பிறகு குடும்பத்தோடு உட்கார்ந்து சத்தமாகப் படித்தோம். படகு வீட்டில் தங்கி, ஓர் இரவு மட்டும் பிள்ளைகளைக் கரையில் தூங்கவிடுவது என்று முடிவுசெய்திருக்கிறோம். மலேசிய தினத்துக்கு முந்தைய வாரத்தின் வேலை நாள்களில் விடுப்பு எடுக்க என் கணவரும் தம்பியும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அதற்கு முன் பந்தாய் கெராச்சுட்டில் ஓர் இரவு. ஆசிரியை அவர்கள் எழுதியதைக் கேட்ட பிறகு என் மகள் அந்த இரண்டு அடுக்கு ஏரியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறாள்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. நாங்கள் பேசிய படகு நிறுவனம், பூர்வகுடி மக்களின் கிராமம் ஒன்றுக்கும் கூட்டிச்செல்வதாகச் சொன்னது. அங்குள்ள குழந்தைகளுக்கு மிட்டாயும் பழைய உடைகளும் எடுத்துப் போகலாமா என்று மாமியார் கேட்கிறார். அவருடைய எண்ணம் நல்லதுதான். ஆனால் அப்படிச் செய்வது முறையா என்று எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: கோலகங்சார்காரர்

உங்கள் தயக்கம் சரியானது, அம்மா. சாலைக்கு வடக்கே பெரும்பாலும் ஜஹாய் மக்களும் தெற்கே தெமியார் மக்களும் வாழ்கிறார்கள். அணை கட்டப்படுவதற்கு வெகுகாலத்துக்கு முன்பிருந்தே அது அவர்களின் நிலம். நீர் ஏறியபோது இடம் மாற வேண்டியிருந்தவர்களும் அவர்களே. நாம் போய் இறங்கும் கரை ஒருவருடைய வீட்டு வாசல் என்ற எண்ணத்தோடு போனால் மற்றவை தானாகவே சரியாகிவிடும்.

வழிகாட்டி முதலில் போய், பாத்தின் எனப்படும் ஊர்த்தலைவரிடமோ பெரியவரிடமோ கேட்டு வரட்டும். அன்று ஊரில் துக்கமோ வேறு காரியமோ இருந்து வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். அதற்காகப் படகு நிறுவனத்திடம் பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள். மிட்டாய் வேண்டாம். பல் மருத்துவரைப் பார்க்க அந்தக் குழந்தைகள் படகிலும் வண்டியிலும் பல மணி நேரம் போக வேண்டும். மேலும் படகு வந்தாலே கையேந்த வேண்டும் என்று அவர்களுக்கு நாம் பழக்கிவிடுகிறோம். பழைய உடைகளும் வேண்டாம்; மூட்டை மூட்டையாக வந்து, தேவையில்லாதது ஆற்றோரத்தில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அரிசி, சமையல் எண்ணெய், உப்பு, பள்ளிக்கூடப் பொருள் போன்றவற்றில் இப்போது எது வேண்டும் என்று வழிகாட்டியின் மூலம் முன்பே கேட்டு, அதை ஊர்ப் பெரியவர் கையில் கொடுங்கள். அவர்கள் மூங்கில் கைவினையோ காட்டுத் தேனோ விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள், குழந்தைகளின் படம் என்றால் அவர்களின் தாயிடம் கேளுங்கள்.

தாதியம்மா எழுதியதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டு கிளந்தானின் குவாலா கோ பகுதியில் பதெக் மக்களிடையே தட்டம்மை பரவிப் பலர் இறந்துபோனார்கள். நமக்கு எளிய தொற்றாகத் தெரிவது, தடுப்பூசியும் மருத்துவமனையும் தொலைவில் உள்ள ஊரில் அப்படி இருக்காது. ஆகவே உங்கள் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை இப்போதே எடுத்துப் பாருங்கள். பயணத்தின்போது உங்களில் யாருக்காவது சளியோ இருமலோ காய்ச்சலோ இருந்தால், கிராமத்துக்குப் போவதை அன்று விட்டுவிட்டு, பொருள்களை மட்டும் வழிகாட்டியின் கையில் கொடுத்தனுப்புங்கள். மாமியாருக்கு இதைச் சொன்னால் அவர் நிச்சயம் புரிந்துகொள்வார்.